சென்னையில் பிள்ளைகளோடு சேர்ந்து தன்னார்வப் பணி: எங்கிருந்து தொடங்குவது?

எங்கள் அடுக்ககத்து வாட்ஸாப் குழுவில் லீவு விட்டதும் தவறாமல் வரும் கேள்வி இது: “பசங்களக் கூட்டிட்டுப் போய் ஏதாவது உருப்படியா சேவை செய்யணும், எங்க போலாம்?” ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல்பதிவு அனுப்பி அலுத்துவிட்டதால் இங்கே எழுதிவைக்கிறேன். எங்கள் வீட்டில் ஒன்றுக்கு ஆறு வயது, இன்னொன்றுக்குப் பன்னிரண்டு. அந்த இரண்டு வயதுக்கும் ஒத்துவந்தவை மட்டுமே கீழே இருக்கின்றன.

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். பிள்ளை செய்யும் வேலை நிஜமாகவே தேவையான வேலையாக இருக்க வேண்டும். பெரியவர்கள் வேலை செய்ய, பிள்ளை பக்கத்தில் நின்று போட்டோவுக்குச் சிரிப்பதென்றால் அதற்குப் பேசாமல் பார்க்குக்குப் போகலாம்.

1. முதலில் வயதைக் கேளுங்கள்

நிறைய அமைப்புகள் பதினெட்டு வயதுக்கு மேல்தான் எடுப்பார்கள். படிவம் நிரப்பி, பையனிடமும் சொல்லி ஆசை காட்டியபிறகு இது தெரிந்தால் வீட்டில் ரகளைதான். அதனால் போனில் முதல் கேள்வியே “ஆறு வயசுப் பிள்ளை கூட வரும், அதுக்கு என்ன வேலை கொடுப்பீங்க?” என்று இருக்கட்டும். “தாராளமா வரட்டும்” என்று மட்டும் சொன்னால் போதாது, வேலை என்னவென்று சொல்ல வேண்டும். ஆறேழு வயதுக்கு ஒரு மணி நேரம்தான் தாங்கும், அதுவும் காலை வெயில் ஏறும்முன். பத்தைத் தாண்டியவர்கள் இரண்டு மணி நேரம் தாக்குப்பிடிப்பார்கள்.

நாய், பூனைக் காப்பகங்களைப் பிள்ளைகள்தான் முதலில் கேட்பார்கள். மீட்டெடுத்த நாய்களைத் தொட்டுப் பராமரிக்கிற வேலைக்கு ரேபிஸ் முன்தடுப்பூசி போட்டுக்கொண்ட பெரியவர்கள் போகட்டும். நான் சின்னவர்களை அழைத்துப் போவதில்லை. வீட்டிலிருக்கும் பழைய துண்டு, போர்வை, செய்தித்தாளைச் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறேன். அவை அங்கே தினமும் தேவைப்படும்.

2. இல்லங்களில் பிறந்தநாள் வேண்டாமே

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். சென்னையில் “சேவை” என்றதும் பலருக்கு நினைவு வருவது பிறந்தநாளன்று குழந்தைகள் இல்லத்துக்குப் போய்ச் சாப்பாடு போடுவதுதான். உங்கள் பிள்ளை கேக் வெட்ட, அதே வயதுப் பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்து கைதட்ட வேண்டியிருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு இது ஒவ்வொரு ஞாயிறும் நடக்கிறது என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

போட்டோ விஷயம் சட்டத்திலும் மாட்டும். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 74, இப்படிப்பட்ட பிள்ளைகளின் படத்தையோ அடையாளத்தையோ வெளியிடுவதைத் தடுக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாட்ஸாப் ஸ்டேட்டஸ் தானே என்று நினைக்க வேண்டாம்.

உதவியே ஆகவேண்டும் என்றால் இல்லத்துக்குப் போன் போட்டு இந்த மாதம் எது குறைகிறது என்று கேளுங்கள். பருப்பு, சானிட்டரி நாப்கின், பத்தாம் வகுப்பு கைடு என்று அவர்களே சொல்வார்கள். வாங்கி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவை ஏற்பதாக இருந்தால் அவர்கள் சமையலறையிலேயே சமைக்கட்டும்.

3. நான் முதலில் சொல்வது: பறவைக் கணக்கெடுப்பு

இது எப்படிச் சேவையாகும் என்று கேட்பவர்களுக்கு: ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்ற 2023 அறிக்கை 942 இனங்களைப் பற்றிப் பேசுகிறது. அதற்கு அடிப்படை, சுமார் 30,000 பேர் சேர்த்த பட்டியல்கள். நம்மைப் போல மொட்டை மாடியில் நின்று எண்ணியவர்களும் அதில் உண்டு. எந்த இனம் குறைகிறது என்பதை அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். வயது வரம்பு கிடையாது, அனுமதி வாங்க வேண்டாம், செலவில்லை. முக்கியமாக, சின்னப் பிள்ளைகளின் கண் நம் கண்ணைவிடக் கூர்மை. அவர்கள் உண்மையாகவே நம்மைவிட நன்றாகச் செய்யும் வேலை இது.

ஜனவரியில் பொங்கல் விடுமுறையில் நான்கு நாள் ‘பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு’ தமிழ்நாடு முழுக்க நடக்கும். பிப்ரவரியில் உலகளவில் ஒன்று உண்டு. மற்ற நாட்களிலும் தாராளமாகச் செய்யலாம்.

அந்தப் பட்டியல்கள் சேர்வது இபேர்ட் என்ற பறவைப் பதிவுச் செயலியில். அதைப் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். கணக்கு அம்மா அல்லது அப்பா பெயரில் இருக்கட்டும். பட்டியலைத் தொடங்கு என்பதைத் தட்டி, குறைந்தது பதினைந்து நிமிடம் பாருங்கள். பிள்ளை பார்த்துச் சொல்ல, நீங்கள் தட்டிக்கொண்டே வரலாம். முடிந்ததும் இடத்தைத் தேர்ந்து, எத்தனை பேர் சேர்ந்து பார்த்தீர்கள் என்று கொடுத்தால் கடைசியில் ஒரு கேள்வி வரும்: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் பதிந்திருக்கிறீர்களா?

புதிதாக வரும் குடும்பங்கள் எல்லாம் சிக்கிக்கொள்வது இந்தக் கேள்வியில்தான். இதற்கு ‘ஆம்’ என்று போட்டால்தான் பட்டியலுக்கு முழு மதிப்பு. ஆனால் ‘ஆம்’ போடுவதற்குக் காக்காயையும் புறாவையும் எழுதியிருக்க வேண்டும். “காக்காவையெல்லாமா எண்ணுவாங்க?” என்று கேட்டுவிட்டு மீன்கொத்தி, செண்பகம், தேன்சிட்டு என்று அழகானவற்றை மட்டும் பதிந்து ‘ஆம்’ தட்டுகிறார்கள். அப்படியானால் அந்தத் தெருவில் அன்று காக்காயே இல்லை என்று பதிவாகிவிடும்! சென்னையில் காக்காய் இல்லாத தெருவா? நாளை காக்காய் நிஜமாகவே குறைந்தால் அதைக் கண்டுபிடிக்க இன்றைய காக்காய்க் கணக்குதானே வேண்டும். அழகானவை மட்டும் போதும் என்றால் ‘இல்லை’ என்று போடுங்கள். அதில் தப்பில்லை.

அடுத்து எண்ணிக்கை. எண்ணிக்கைக்குப் பதிலாக எக்ஸ் போட்டுவிட்டுப் போகச் செயலி விடும். தவிர்க்கப் பாருங்கள். பறக்கும் கிளிக்கூட்டத்தை உத்தேசமாக இருபது என்று போடுவது எக்ஸ்-ஐ விட எவ்வளவோ மேல். பெரியவள் பத்துப் பத்தாகக் கூறுபோட்டு எண்ணப் பழகிவிட்டாள்.

வெள்ளைக் கொக்குகளில் எது என்று பிடிபடாவிட்டால் ஊகிக்க வேண்டாம். ‘கொக்கு வகை’ என்று பொதுவாகப் பதியவும் பட்டியலில் வசதி உண்டு. உடம்பெல்லாம் புள்ளியாகப் பழுப்பு நிறத்தில் உட்கார்ந்திருப்பது பெண் குயில். அதைப் புதுப்பறவை என்று எண்ணிக் குதிக்காத வீடு இல்லை.

மெர்லின் என்று இன்னொரு செயலி, சத்தத்தைக் கேட்டுப் பெயர் சொல்லும். பிள்ளைகளுக்கு அது மந்திரம் மாதிரி. அது சொன்ன திசையில் தேடிக் கண்ணால் பார்த்தோ, காதுக்கு நிச்சயமாகத் தெரிந்தோதான் பதிய வேண்டும் என்பது எங்கள் வீட்டு விதி. மெர்லின் சொன்னதையெல்லாம் அப்படியே ஏற்றினால், இந்தப் பக்கம் வராத பறவைக்கெல்லாம் விளக்கம் கேட்டு இபேர்டின் சரிபார்ப்பாளரிடமிருந்து மின்னஞ்சல் வரும்.

பைனாகுலர் முதல் நாளே வாங்காதீர்கள். பிறகு வாங்கினால் எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8×42 போதும். கடைக்காரர் 10 மடங்கைத் தள்ளிவிடப் பார்ப்பார். பிள்ளை கையில் அது ஆடிக்கொண்டே இருக்கும், ஒன்றும் தெரியாது.

இடம்: மொட்டை மாடி, கிண்டி சிறுவர் பூங்கா, செம்மொழிப் பூங்கா. கொஞ்சம் பழகியபின் பள்ளிக்கரணை. 2022-இல் ராம்சர் தகுதி (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற அங்கீகாரம்) பெற்ற சதுப்பு நிலம், பருவத்தில் பூநாரைகள் வரும். ரேடியல் சாலையோரம் வண்டியை நிறுத்திப் பார்ப்பவர்கள் உண்டு. பிள்ளைகளோடு அந்த லாரிப் போக்குவரத்தில் நிற்காதீர்கள், சூழலியல் பூங்காவுக்குள் போய்விடுங்கள்.

4. கடற்கரை, ஏரி, தெரு சுத்தம்

முதல் தடவை ஏற்கெனவே நடத்துகிறவர்களோடு சேர்ந்துகொள்வது நல்லது. 2007-இல் சென்னையில் தொடங்கிய இ.எஃப்.ஐ. (என்விரான்மென்டலிஸ்ட் ஃபவுண்டேஷன் ஆஃப் இந்தியா) என்ற அமைப்பு ஏரி, குளங்களில் வேலை செய்கிறது. சென்னை ட்ரெக்கிங் கிளப் கடற்கரையோரம் முழுக்கப் பெரிய சுத்தப் பணிகளை நடத்தியிருக்கிறது. அவர்களின் சமூக ஊடகப் பக்கங்களில் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு “நம்ம தெருவுக்கு நாமே செய்வோம்” என்று உற்சாகம் வரும். வரட்டும். ஆனால் யாரும் எழுதாத ஒரு கேள்விக்கு முதலிலேயே பதில் வேண்டும்: சேர்த்த மூட்டைகள் எங்கே போகும்?

எங்கள் குழு நன்றாகத் தடுமாறியது இதில்தான். பொறுக்குவது ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மூட்டைகள் தெருமுனையில். வழக்கமான பேட்டரி வண்டி வீட்டுக் குப்பைக்கு மட்டும்தான், இவ்வளவு ஏறாது என்று போய்விட்டது. மாடு ஒரு மூட்டையைக் கிழித்தது. அதன்பிறகு வரிசையை மாற்றிக்கொண்டோம். இப்போது முதலில் வண்டி, அப்புறம் தேதி, கடைசியாகத்தான் ஆள்.

மாநகராட்சியில் 200 வார்டு. உங்கள் வார்டு எண்ணைத் தெரிந்துகொண்டு, அந்த வார்டின் குப்பை அகற்றும் வேலையைக் கவனிக்கும் கன்சர்வன்சி இன்ஸ்பெக்டரை வார நாளில் நேரில் போய்ப் பாருங்கள். அவருடைய போன் எண் கிடைக்காவிட்டால் மாநகராட்சியின் 1913-க்குப் போன் செய்து கேட்கலாம். தெருவில் வேலை செய்யும் தூய்மைப் பணியாளர் அக்காவிடம் கேட்டால் இன்னும் சீக்கிரம் கிடைக்கும். எந்தத் தெரு, எத்தனை மூட்டை வரும், எத்தனை மணிக்கு வண்டி வேண்டும் என்று மூன்றையும் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமையைவிட சனிக்கிழமை வண்டி கிடைப்பது எளிது. முந்தைய நாள் மாலை ஒருமுறை நினைவூட்டல். வண்டி உறுதியாகாவிட்டால் தள்ளிவையுங்கள்.

கொண்டுபோக வேண்டியவற்றில் என் பிடிவாதங்கள் சில. கறுப்புப் பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈர மணலோடு தூக்கினால் அடியில் கிழியும். பழைய அரிசிச் சாக்கு கொண்டுபோங்கள். மருத்துவமனை நீலக் கையுறை பத்து நிமிடத்தில் ஓட்டையாகும். உள்ளங்கையில் ரப்பர் பூசிய துணிக் கையுறைதான் சரி. சின்னக் கைக்கு அளவு கிடைப்பதில்லை, எனவே சின்னவனுக்கு நீள இடுக்கி. எல்லாவற்றையும் அவன் அதிலேயே எடுப்பான், அதில் அவனுக்கு ஒரு பெருமை. தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் எடுத்துப் போங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா!

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லி வைக்க வேண்டிய விதி: கண்ணாடி, ஊசி, பேட்டரி தென்பட்டால் தொடாமல் கைதூக்கிக் கூப்பிடு. பெசன்ட் நகர், நொச்சிக்குப்பம் மாதிரி மீனவர்கள் வாழும் இடத்தில் இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். மணலில் கிடக்கும் வலை குப்பையாக இருக்க வேண்டியதில்லை. காயப் போட்ட வலையாக இருக்கலாம், அதன் விலை நமக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவரிடம் “அண்ணா, இது தேவைப்படுமா?” என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். கேட்டால் அவர்களே வேலைக்கு ஆகாத வலைகளைக் காட்டிக் கொடுப்பார்கள்.

பொறுக்கும்போது பெரியவள் கேட்டாள்: “2019-லயே பிளாஸ்டிக் பையத் தடை பண்ணிட்டாங்கன்னு படிச்சோமே, அப்புறம் எப்படி இவ்ளோ கேரி பேக்?” எனக்கு நல்ல பதில் தெரியவில்லை. எண்ணி எழுதச் சொன்னேன். நீங்களும் வகைவாரியாக எண்ணச் சொல்லுங்கள், வேலை சலிக்காது.

5. பங்குனி ஆமை

ஜனவரி முதல் கரையேறி முட்டையிடும் பங்குனி ஆமைகளை (ஆலிவ் ரிட்லி கடலாமை) தேடி எஸ்.எஸ்.டி.சி.என். என்ற மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பின் தன்னார்வலர்கள் 1988-இலிருந்து இரவு நடை போகிறார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, நள்ளிரவு, மணலில் பல கிலோமீட்டர். ஆறு வயதுக்கு இது சரிவராது, பெரியவள் மாதிரி நடக்கக்கூடியவர்கள் அனுமதி கேட்டுப் போகலாம். சின்னவர்களுக்கு மார்ச், ஏப்ரல் மாலைகளில் பெசன்ட் நகர் பொரிப்பகத்திலிருந்து குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்ப்பது போதும். அங்கே அவர்களுக்குக் கொடுக்கக்கூடிய வேலை, நம் போன் டார்ச்சையும் ஃபிளாஷையும் அணைக்க வைப்பது. அதை விடாப்பிடியாகச் செய்வார்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கடலோரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கியதைப் பற்றியும் கேட்பார்கள். ஆமைகள் சிக்கிச் சாகும் இழுவைமடி வலை என்றால் என்னவென்று படித்துவிட்டுப் போங்கள்.

பின்சேர்க்கை: நீங்கள் கேட்டவை

மழைக்காலத்தில் என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெளிவேலையை நம்பித் திட்டம் போடாதீர்கள். பத்து வயதுக்கு மேல் தமிழ் வாசிக்கத் தெரிந்த பிள்ளை இருந்தால் இணையத்தில் இலவச நூலகமான தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்பு (எழுத்துப்பிழை) பார்க்கலாம். நாட்டுடைமையான நூல்களின் பக்கம் பக்கமான ஸ்கேனும், ஓ.சி.ஆர். எடுத்த (கணினி தானாகப் படித்துத் தந்த) எழுத்தும் அருகருகே வரும். காலும் (ா) ரகரமும் மாறிக் கிடக்கும். திருத்திச் சேமித்தால் பக்கம் மஞ்சளாகும், வேறொருவர் சரிபார்த்தால் பச்சை. ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் போதும், கண் வலிக்கும்.

பள்ளியில் சான்றிதழ் கேட்கிறார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். வேலை முடிந்தபின் கேட்டால் ஒருங்கிணைப்பாளருக்குத் தர்மசங்கடம். பதிவு செய்யும்போதே தருவீர்களா என்று கேட்டுவிடுங்கள். இபேர்ட் பட்டியலும் விக்கிமூலப் பங்களிப்பும் தேதியோடு தானாகவே பதிவாகியிருக்கும், சில பள்ளிகள் அதையே ஏற்கின்றன.

தாத்தா பாட்டியை அழைத்துப் போகலாமா என்று இன்னொருவர். பறவைக்கு அவசியம் அழைத்துப் போங்கள். மடையான், அண்டங்காக்கை என்று பேர் சொல்ல ஆள் வேண்டாமா.

முக்கியமான திருத்தம், வாசகர் ஒருவர் கவனித்துச் சொன்னது: இபேர்டில் உங்கள் மொட்டை மாடியை இடமாகச் சேமிக்கும்போது குடும்பப் பெயர், கதவு எண், அடுக்ககத்தின் பெயர் எதையும் போடாதீர்கள். பட்டியல் பொதுவில் தெரியும். “வேளச்சேரி மாடி” என்ற அளவில் பெயர் வைத்து, வரைபடக் குறியை இரண்டு தெரு தள்ளி வையுங்கள். ஏற்கெனவே வைத்துவிட்டவர்கள் இபேர்ட் இணையதளத்தில் ‘என் இடங்கள்’ பகுதிக்குப் போய்ப் பெயரை மாற்றிக்கொள்ளலாம்.