ரத்த ஸ்டெம் செல் பிரிப்பில் சிடி38 கோட்டை எங்கே போடுவது?

சிடி34 (சிடி38 போலவே செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஓர் அடையாளப் புரதம்) இருக்கிற செல்களைப் பிடித்துவிட்டால் ஸ்டெம் செல் கைக்கு வந்துவிட்டது என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். இல்லை. முன்னோடி செல்கள் பலவற்றிலும் சிடி34 இருக்கும், அசல் ஸ்டெம் செல் அந்தக் கூட்டத்தில் மிகச் சிலதான். எலியில் பழகியவர்கள் இன்னும் கவனம்: வளர்ந்த எலியின் ரத்த ஸ்டெம் செல்லில் பெரும்பாலும் சிடி34 இருக்காது, அங்கே கைகொடுக்கும் சிடி150 மனித செல்லில் உதவாது.

தொப்புள்கொடி ரத்தத்தை 1.077 அடர்த்தி ஃபைகால் திரவத்தின் மேல் மெதுவாக ஊற்றிச் சுழற்றுங்கள், நிறுத்தும்போது பிரேக் வேண்டாம், போட்டால் நடுவில் நிற்கும் மெல்லிய வெள்ளைப் படலம் கலங்கிவிடும். அதை எடுத்துக் கழுவி சிடி34 காந்த மணிகளால் செறிவாக்குங்கள். மணியில் இருக்கும் சிடி34 ஆன்டிபாடி க்யூபெண்ட்10 வகை என்றால், சாயம் கட்டிய ஆன்டிபாடிக்கு 581 அல்லது 8ஜி12 குளோன் (ஆன்டிபாடி வகை) வாங்குங்கள். அவை வேறு இடத்தில் ஒட்டும், அதனால் சிக்னல் மங்காது.

அப்புறம் எஃப்சி பிளாக் (ஆன்டிபாடி தவறான இடத்தில் ஒட்டாமல் தடுப்பது), ஐஸில் இருட்டில் 30 நிமிடம் சாயம், கூடவே கருவியில் நிறங்களைப் பிரித்துச் சரிசெய்ய ஒவ்வொரு நிறம் மட்டும் போட்ட தனிக் குழாய். செல் பிரிக்கும் கருவியில் முதலில் ஒட்டிக்கொண்ட இரட்டைகளையும் இறந்த செல்களையும் தள்ளுங்கள். இறந்த செல் எல்லா ஆன்டிபாடியையும் உறிஞ்சிக்கொள்ளும், அரிதான செல் தேடும்போது அதுதான் பெரிய தொல்லை. பிறகு முதிர்ந்த ரத்த செல்களின் அடையாளங்களான சிடி3, சிடி14, சிடி19, சிடி56, சிடி235ஏ உள்ளவற்றை விலக்குங்கள்.

இப்போது சிடி38. ஸ்டெம் செல்கள் இது குறைவாக உள்ள பக்கத்தில் இருக்கும், அந்தப் பக்கத்தைப் பிரிக்கத்தான் கோடு. திரையில் பார்த்தால் இரண்டு மலையும் நடுவில் பள்ளமும் தெரியாது, ஒரே சரிவாக இறங்கும், அதனால் கண்ணுக்குத் தோன்றிய இடத்தில் கோடு போட்டால் அடுத்த வாரம் அதே கோடு வேறு இடத்தில் விழும். சிடி38 மட்டும் இல்லாமல் மற்ற எல்லா நிறமும் போட்ட ஒரு குழாயை ஓட்டுங்கள், கோட்டுக்கு அதுதான் சாட்சி. இந்தக் குழாய்க்குச் செல்லைச் செலவழிக்கத் தயங்கவே தயங்காதீர்கள். சிடி38-க்குப் பிரகாசமான சாயம் கொடுப்பதும் உதவும்.

கோட்டுக்குக் கீழே சிடி38 குறைவாக உள்ள செல்களுக்குள் சிடி45ஆர்ஏ இல்லாத, சிடி90 உள்ள செல்கள். அதிலும் சிடி49எஃப் உள்ளவை. 2011-இல் வெளியான ஆய்வில் அப்படிப்பட்ட ஒற்றைச் செல்லே எலிக்குள் மனித ரத்தத்தை நீண்ட நாள் உருவாக்கியது.

சில நாள் வளர்ப்பில் வைத்த செல்லுக்கு இந்தக் கோடு செல்லாது. ஸ்டெம் செல்லாக இல்லாமலே சிடி38 குறைந்து காட்டும்.

பிரித்ததில் கொஞ்சத்தை மறுபடி ஓட்டித் தூய்மை பாருங்கள். மிச்சத்தை நோய் எதிர்ப்பு இல்லாத எலிக்குள் செலுத்தி, குறைந்தது 16 வாரம் பொறுங்கள். 4 வாரத்தில் தெரியும் மனித செல்கள் முன்னோடிகளின் வேலையாகவும் இருக்கலாம், சிடி19-உம் (பி செல் அடையாளம்) சிடி33-உம் (மைலாய்டு செல் அடையாளம்) அத்தனை நாளுக்குப் பிறகும் மஜ்ஜையில் சேர்ந்து தெரிந்தால்தான் பிடித்தது ஸ்டெம் செல்.