தீர்ப்பைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

சட்டம் படிக்க வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதுதான். குற்றம் நிரூபணமானதா என்ற வாதம் ஐம்பது பக்கம் ஓடும். இத்தனை ஆண்டுச் சிறை ஏன் என்பதோ பல நேரம் இரண்டே பத்தியில் முடிந்துவிடும். நமக்கு வேலை அந்த இரண்டு பத்தியில்.

பென்சிலை எடுங்கள். தண்டனைக்குச் சொன்ன ஒவ்வொரு காரணத்துக்கும் அடிக்கோடு போட்டு ஓரத்தில் பெயரிடுங்கள். 'மற்றவர்களுக்குப் பாடமாக' என்றால் அச்சுறுத்தல். 'செய்ததற்கு உரியது' என்றால் பதிலடி. 'திருந்தட்டும்' என்றால் சீர்திருத்தம். மூன்றும் ஒரே பத்தியில் வந்தால் உஷாராகுங்கள், அவை ஒன்றுக்கொன்று இடிக்கும். ஒருவனைத் தண்டித்து ஊருக்குப் பாடம் நடத்துவதை மட்டுமே நோக்கமாகக் கொண்டால் ஜெர்மன் தத்துவஞானி கான்ட் ஏற்கமாட்டார். மனிதன் வெறும் கருவி அல்ல என்பார். தண்டனைகளைப் பற்றி எழுதிய இத்தாலியர் பெக்காரியாவோ 1764இலேயே சொல்லிவிட்டார்: கடுமையைவிட, மாட்டிக்கொள்வோம் என்ற நிச்சயம்தான் குற்றத்தைத் தடுக்கும். அப்படியிருக்க, 'பாடமாக இருக்கட்டும்' என்று மூன்று ஆண்டை ஏழாக்க யாரைத் துணைக்கு அழைப்பது? மாணவனாக இருந்தபோது நானும் அந்த வரியைக் கண்டால் தலையாட்டியவன்தான்.

அப்புறம், அந்தச் செயல் குற்றமானது எப்படி என்று கேளுங்கள். ஜெர்மனியின் ரைன்லாந்தில் ஏழைகள் காட்டில் விழுந்த சுள்ளியைப் பொறுக்குவது காலங்காலமான வழக்கம். அதைத் திருட்டாக்கும் சட்டம் மாகாணச் சபையில் விவாதிக்கப்பட்டதைப் பற்றி, 1842இல், 24 வயது மார்க்ஸ் எதிர்த்து எழுதினார். சுள்ளி மாறவில்லை, காடு யாருடையது என்பதுதான் மாறியது. இன்றும் கடையில் பொருள் எடுத்தவர் சிறைக்குப் போகிறார். கூலியைக் கொடுக்காத முதலாளி பல நாடுகளில் சிவில் வழக்கோடு தப்பிவிடுகிறார்.

பாதிக்கப்பட்டவரின் சொந்தச் சொற்கள் தீர்ப்பில் எத்தனை வரி என்றும் எண்ணுங்கள். சண்டை அதில் சிக்கியவர்களின் சொத்து, அரசும் வக்கீல்களும் அதைப் பறித்துக்கொண்டார்கள் என்றார் நார்வே குற்றவியல் அறிஞர் நீல்ஸ் கிறிஸ்டி (1977). சண்டையை அவர்களிடமே திருப்பிக் கொடுக்கச் சொல்லும் இது எனக்குப் பிடித்த வாதம். ஆனால் அடித்த கணவனோடு மனைவியைப் பேச்சுவார்த்தைக்கு உட்கார வைப்பது அவளுக்குப் புது ஆபத்து என்று பெண்ணியர்கள் மறுத்தார்களே, அதையும் சேர்த்துப் படியுங்கள்.

சிறையையும் அதிகாரத்தையும் ஆராய்ந்த பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே அவரைப் படித்த பிள்ளைகள் எல்லா ஓரத்திலும் 'அதிகாரம்' என்று எழுதிவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.