குட்டை டேலில்லி: டெல்டா தோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் டேலில்லி என்ற பூச்செடியை வைப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது தண்ணீரைத்தான். நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் நம் களிமண் நெல்லுக்கு வரம், இந்தச் செடிக்கோ எமன். டேலில்லிக்கு வெங்காயம் மாதிரி கிழங்கு கிடையாது. சதைப்பற்றான வேர்கள், அவை இலையோடு சேரும் இடத்தில் ஒரு கழுத்து, அவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்தக் கழுத்தைச் சுற்றித் தண்ணீர் தேங்கினால் அழுகல் பிடிக்கும். லேசாக இழுத்தாலே இலை கையோடு வந்துவிடும்.

அதனால் சமதரையில் நடவே வேண்டாம். முக்கால் அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு, மணலும் மக்கிய தொழுவுரமும் நன்றாகக் கலந்துவிடுங்கள். செடி சாயாமல் இருக்கட்டும் என்று ஆழமாகப் புதைப்பதும் தவறு. கழுத்துக்கு மேல் ஒரு அங்குலத்துக்கு மேல் மண் இருக்கக் கூடாது. மழை ஓய்ந்த தை மாதம் நடுவதற்குத் தோதானது. அப்போது நட்டால் அடுத்த மழைக்குள் வேர் நன்றாக ஊன்றிவிடும்.

அடுத்தது, வகை. குட்டை ரகம் என்றதும் பலரும் தேடுவது ஸ்டெல்லா டி ஓரோ. அமெரிக்காவில் வால்டர் ஜப்லோன்ஸ்கி உருவாக்கி 1975இல் அறிமுகமான மஞ்சள் பூ ரகம் அது. ஒரு அடி உயரம்தான், திரும்பத் திரும்பப் பூக்கும். ஆனால் குளிர்காலத்தில் இலையை உதிர்த்து உறங்கும் இனம். நம் மார்கழிக் குளிர் அதற்குப் போதாது. ஆண்டு முழுக்க இலை பச்சையாக நிற்கும் ரகமா என்று நர்சரியில் கேட்டு வாங்குவதே நல்லது. வாங்கும்போது அடியையும் பாருங்கள். இலைகள் இரண்டு வரிசையாக, விசிறிபோல் விரிந்திருந்தால் டேலில்லி. அடியில் சின்ன வெங்காயம் போல் இருந்தால் அது மழை லில்லி. அதுவும் அழகுதான், ஆனால் நீங்கள் தேடியது அதுவல்ல.

இலை செழித்தும் பூ இல்லையா? பெரும்பாலும் நிழல் காரணமாக இருக்கும், அல்லது யூரியா. தென்னை, மாமரத்தடியில் வைக்காமல் ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடமாகப் பாருங்கள். சித்திரை வெயிலில் மட்டும் பிற்பகல் நிழல் கிடைத்தால் நல்லது, குறிப்பாக அடர்நிறப் பூக்களுக்கு. தழைச்சத்தை அள்ளிப் போட்டால் இலைதான் வரும்.

பூ ஒரே நாளில் வாடுவதைப் பார்த்து நோய் என்று மருந்து அடிக்க வேண்டாம். அதன் இயல்பே அதுதான். மறுநாள் அடுத்த மொட்டு விரியும். வாடியதைக் கிள்ளிவிடுங்கள், காய் பிடிக்க விடாதீர்கள். தண்டில் மொட்டெல்லாம் தீர்ந்த பிறகு தண்டையே அடியோடு வெட்டலாம்.

மூன்று நான்கு ஆண்டுகளில் தூர் நெருக்கமாகிப் பூ குறையும். அப்போது தோண்டிப் பிரித்து, ஒன்றரை அடி இடைவெளியில் திரும்ப நடுங்கள்.

அப்புறம், வீட்டில் பூனை இருந்தால் இந்தச் செடியே வேண்டாம். இலையோ பூவோ, கொஞ்சம் தின்றாலும் பூனையின் சிறுநீரகம் கெட்டு உயிரே போகலாம்.