சைக்கிளுக்கும் அளவெடுங்க

மயிலாடுதுறையில் 30 வருஷமாகப் பேன்ட் தைக்கிறேன். ஊரில் பாதிப் பேரின் உள்கால் அளவு என் நோட்டில் இருக்கிறது, என்னுடையதைத் தவிர. அது தெரியாமல்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் 12,000 ரூபாய் கொடுத்து ஒரு மவுண்டன் சைக்கிள் வாங்கினேன். பையனின் ஆசை. காவிரிப் பாலத்து ஏற்றத்தை விட்டால் எங்கள் பக்கம் மேடே கிடையாது. அதற்கு 21 கியர்!

வீட்டிலிருந்து கடைக்கு 4 கிலோமீட்டர். பத்தே நாளில் இடுப்பு பிடித்துக்கொண்டது. முட்டியின் முன்பக்கம் குத்தல், உள்ளங்கையில் மரமரப்பு. கத்தரிக்கோல் பிடிக்கிற கை மரத்துப்போனால் பிழைப்பு என்னாவது? வண்டியை விற்றுவிடலாம் என்று தெருமுனை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். "அண்ணே, சட்டை பத்தலேன்னா உடம்பையா வெட்டுவீங்க?" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

முதலில் உள்கால் அளவு. வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நில்லுங்கள். கெட்டி அட்டை நோட்டு ஒன்றைக் கவட்டில் நன்றாக மேலே அழுத்திப் பிடித்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரைவரை அளக்க வேண்டும். பேன்ட் அளவைச் சொல்லிவிடாதீர்கள், அது குறைவாகத்தான் இருக்கும். எனக்கு 30 இஞ்ச் வந்தது. இதை 0.883 ஆல் பெருக்கினால் 26½. பெடல் மாட்டியிருக்கும் கிராங்க் கம்பி சுழலும் நடு அச்சிலிருந்து சீட்டின் மேல்பக்கம் வரை இந்த உயரம் வர வேண்டும். என் வண்டியில் 23தான் இருந்தது. முட்டி வலிக்காமல் என்ன செய்யும்?

கணக்கு பிடிக்காதவர்கள் குதிகாலை வைத்துப் பார்க்கலாம். சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முட்டி லேசாக மடங்கியிருக்க வேண்டும். முட்டியின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு. பின்பக்கம் இழுத்தாலோ, மிதிக்கும்போது இடுப்பு இருபுறமும் ஆடினாலோ உயரம் அதிகம். கால் இஞ்ச் கால் இஞ்சாக மாற்றி, இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். சீட்டுக் கம்பியில் ஒரு கோடு போட்டிருப்பார்கள், அது வெளியே தெரியும் அளவுக்குத் தூக்கக் கூடாது.

உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் தரையில் ஊன்ற வேண்டும் என்றுதான் நம்மவர்கள் சீட்டை இறக்கி வைக்கிறார்கள். நிற்கும்போது சீட்டை விட்டு இறங்கிப் பழகினால் போதும். காலைத் தூக்கிப் போட முடியாதவர்கள் நடுவில் பார் இல்லாத லேடீஸ் சைக்கிளை வாங்கலாம். இதில் கூச்சம் என்ன, வேட்டி கட்டுகிறவருக்கு அதைவிட வசதி எது?

முதுகு வலியைப் பொறுத்தவரை ஹேண்டில் பாரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சீட்டின் உயரத்துக்காவது இருக்கட்டும், ஓரிரு இஞ்ச் மேலே இருந்தால் இன்னும் நல்லது. பிடிக்கும்போது முழங்கை விறைக்காமல் கொஞ்சம் மடங்க வேண்டும். பழைய மாடல் வண்டிகளில் ஹேண்டில் தண்டின் உச்சி போல்ட்டை நாலைந்து சுற்று தளர்த்தி, அதன்மேல் மரக்கட்டை வைத்து ஒரு தட்டு தட்டுவார் மெக்கானிக். உள்ளே இறுகியிருக்கும் ஆப்பு விட்டுக்கொடுக்கும், தண்டை உயர்த்திக்கொள்ளலாம். இங்கேயும் கோட்டைத் தாண்டக் கூடாது. என்னுடையது போன்ற புது மாடல் பலவற்றில் இந்த வேலை நடக்காது, தனியாக உயரக் கட்டை வாங்கி மாட்ட வேண்டும். ஆகவே வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

சீட் மெத்தென்று இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். நம் பாரத்தைத் தாங்குவது பிட்டத்தில் இருக்கும் இரண்டு எலும்புகள். அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு துண்டு கிழித்துக் கெட்டியான ஸ்டூலில் போட்டு, ஒரு நிமிஷம் உட்கார்ந்து எழுந்தால் இரண்டு குழி தெரியும். குழியின் நடுவிலிருந்து அடுத்த குழியின் நடுவரை அளந்து, ஓர் இஞ்ச் கூட்டினால் அதுதான் உங்களுக்கு வேண்டிய குறைந்தபட்ச அகலம். நிமிர்ந்து ஓட்டுகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் தேவைப்படும். சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் பாரம் முழுக்கக் கைக்கு வந்துவிடும், மட்டமாக வையுங்கள்.

முன் ஷாக் எனக்குத் தண்டமாகத்தான் பட்டது, எடைதான் கூடுகிறது. 1¾ இஞ்ச் டயரில் கல் மாதிரி இறுக்காமல், டயரின் ஓரத்தில் எழுதியிருக்கும் அளவுக்குள் காற்றடித்தாலே குலுக்கல் அடங்கும். கியர் இருந்தால் லேசானதில் போட்டு வேகமாக மிதியுங்கள், கனமானதில் அழுத்தி மிதித்தால் முட்டிக்குத்தான் கேடு.

கடைசியாக ஒன்று. வலி காலில் இறங்கினாலோ, கால் மரத்தாலோ டாக்டரைப் பார்த்த பிறகு சைக்கிள் கடைக்குப் போகலாம். போகும்போது தினமும் போடுகிற அதே உடுப்பு, அதே செருப்போடு போங்கள். தெருவில் கால் மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடை.