மலை இறங்கும்போது என்ஜினை நிறுத்தாதீர்கள்: பெற்றோல் விலை ஏறும் காலத்தில் நாம் செய்யும் தவறுகள்

மாதக் கடைசி இரவானால் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரு செய்திக்காகக் காத்திருப்போம். நள்ளிரவிலிருந்து பெற்றோல் விலை மாறுகிறதா, மாறினால் எவ்வளவு? அண்ணன் ஹட்டனில் ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். லீற்றருக்குப் பத்து ரூபா கூடினாலே மறுநாள் காலை தேத்தண்ணியோடு பேச்சு ஒன்றுதான்: எதைக் குறைப்பது?

2022ஐ மலையகத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியது. எரிபொருள் முழுவதையும் டொலர் கொடுத்து இறக்கும் நாட்டில் அது நேராகப் பெற்றோல் செட்டில் வந்து நின்றது. ஜனவரியில் 177 ரூபாவுக்கு விற்ற 92 ஒக்டேன் பெற்றோல் ஜூன் கடைசியில் 470 ரூபா. ஒட்டோ டீசல் 121 ரூபாவிலிருந்து 460. அப்போது தோட்டத்தில் ஒரு நாள் பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, 1000 ரூபா. வருடத் தொடக்கத்தில் ஒரு நாள் சம்பளத்துக்கு ஐந்தரை லீற்றர் வாங்கலாம், ஆறே மாதத்தில் அது இரண்டு லீற்றருக்குச் சற்று மேல் என்றானது.

அந்தப் பதற்றத்தில் பழகிய சில பழக்கங்கள் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. காசு மிச்சமாகும் என்று நம்பித்தான் செய்கிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவற்றில் பாதி காசைத் தின்கின்றன, ஒன்றிரண்டு உயிரையே கேட்கின்றன.

முதலில் அந்த உயிர் கேட்கும் பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். இறக்கம் வந்ததும் நியூட்ரலில் போட்டு, சிலர் சாவியையும் திருப்பி என்ஜினை நிறுத்திவிட்டு, வண்டியை உருட்டுவது. நுவரெலியாவிலிருந்து றம்பொடை பக்கம் இறங்கும்போதும், கினிகத்தேனையிலிருந்து கித்துள்கலை பக்கம் இறங்கும்போதும் சத்தமே இல்லாமல் நம்மைக் கடந்து போகும் ஆட்டோக்களைப் பார்த்திருப்பீர்கள். பத்து நிமிட இறக்கத்தில் ஆட்டோ என்ஜின் சும்மா ஓடினால் குடிக்கும் பெற்றோலின் விலை பத்துப் பதினைந்து ரூபாவைத் தாண்டாது. அந்தப் பதினைந்து ரூபாவுக்காக வண்டியின் முழுப் பாரத்தையும் ப்ரேக்கின் தலையில் மட்டும் கட்டுகிறோம். கியரில் இருந்தால் என்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும். நியூட்ரலில் அந்தப் பிடி கிடையாது. ப்ரேக்கை மிதித்தபடியே இறங்க இறங்க ட்ரம் சூடேறும், லைனிங் வழுக்கும், ப்ரேக் ஒயில் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். வேனிலும் காரிலும் இன்னும் மோசம். என்ஜின் நின்றுவிட்டால் ப்ரேக்குக்கு உதவி செய்யும் பூஸ்டர் ஒன்றிரண்டு மிதிக்கு மேல் வேலை செய்யாது. பவர் ஸ்டீயரிங்கும் இறுகிவிடும்.

இதில் மனசு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. இப்போதைய இன்ஜெக்ஷன் வண்டிகளில் நியூட்ரலில் உருட்டுவதுதான் கூடுதல் செலவு. கியரில் இருந்துகொண்டு எக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் சக்கரமே என்ஜினைச் சுழற்றும், அந்த நேரம் பெற்றோல் வருவதை வண்டியே நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால் என்ஜின் அணையாமல் இருக்கவாவது பெற்றோல் வேண்டும். ஆக, மிச்சம் என்று நினைத்துச் செய்வதில் மிச்சமும் இல்லை, ப்ரேக்கும் இல்லை. எந்தக் கியரில் அந்த மலையை ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்லை குறுக்கு வீதிச் சரிவில் பஸ்ஸும் வேனும் ஆட்டோவும் மோதி ஏழு பேர் போனார்கள். அந்த வளைவு வழியாக எப்போது இறங்கினாலும் எனக்குக் கை தானாகக் கம்பியை இறுகப் பிடிக்கும்.

சரி, ஏற்றத்துக்கு வருவோம். ஹட்டன் ஏறத்தாழ 1270 மீற்றர் உயரம், நுவரெலியா 1868. வித்தியாசம் 600 மீற்றர். ஆட்டோவும் உள்ளே நான்கு பேரும் சேர்ந்து கிட்டத்தட்ட 600 கிலோ. அந்தப் பாரத்தை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் அரை லீற்றர் போல் பெற்றோல் எரியும், தூரத்துக்கான செலவு தனி. வண்டி விற்கும்போது சொல்லும் 'லீற்றருக்கு இத்தனை கிலோமீற்றர்' என்ற கணக்கு மலையில் பொய்க்க இதுதான் காரணம். அதை நம்பி மாதச் செலவை எழுதினால் பத்தாம் தேதியே துண்டு விழும். பாரமும் அப்படித்தான். சம தரையில் மேலதிகமாக இருவர் ஏறினால் பெரிய வித்தியாசம் தெரியாது, மலையில் ஒவ்வொரு கிலோவுக்கும் காசு. ஆட்டோவில் ஆறேழு பிள்ளைகளை அடைத்துக்கொண்டு போவதில் வருமானம் கூடும் என்று தோன்றும். அந்தப் பாரத்துக்கு எரியும் பெற்றோலும், தேயும் க்ளச்சும், ப்ரேக்கும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஏற்றத்தில் பெரிய கியரிலேயே இழுத்துக்கொண்டு போவதும் சிக்கனம் இல்லை. என்ஜின் முக்கி முனகும்போது எக்ஸிலேட்டரை முழுக்க முறுக்குகிறோம், பெற்றோல் அங்கேதான் போகிறது. நேரத்தோடு ஒரு கியர் இறக்கினால் குறைவாகவே குடிக்கும். கார்பரேட்டர் வண்டியைக் கொழும்பிலோ அவிசாவளையிலோ டியூன் பண்ணி மேலே கொண்டுவருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: இங்கே காற்று மெலிந்தது, அந்த டியூனில் பெற்றோல் கூடுதலாகக் கலந்து கரும்புகையாகப் போகும். மேலே உள்ள மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டுங்கள்.

அடுத்தது எங்கள் வீட்டிலேயே பல வருடம் நடந்த தவறு. "ஐந்நூறு ரூபாவுக்கு அடிங்க." விலை ஏறினாலும் அண்ணன் ஐந்நூறுக்குத்தான் அடிப்பார், அதனால் தன் செலவு கூடவில்லை என்று ஒரு நிம்மதி. டாங்கிக்குள் போன லீற்றர் குறைந்தது அவர் கண்ணில் படவே இல்லை. தன் வண்டி ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது என்று கேட்டால் ஒரு குத்துமதிப்பான பதில்தான் வரும். ஒருநாள் நான் கட்டாயப்படுத்தி டாங்கியை நிரப்பச் சொல்லி, மீற்றரைக் குறித்துவைத்து, அடுத்த முறை மறுபடி நிரப்பியபோது போன லீற்றரால் ஓடிய கிலோமீற்றரைப் பிரித்தோம். அவர் சொல்லிவந்தது 25, வந்தது 18. ஏர் ஃபில்டரை மாற்றி, டயர் காற்றைக் காலையில் வண்டி ஓட முன்னரே பார்த்து அடிக்கத் தொடங்கியபின் கொஞ்சம் ஏறியது. அளக்காமல் இருந்திருந்தால் இன்றும் விலையைத்தான் திட்டிக்கொண்டிருப்பார்.

அந்த 18ஐ வைத்து ஹயர், அதாவது வாடகைப் பயணக் கணக்கைப் பாருங்கள். டவுனிலிருந்து எட்டுக் கிலோமீற்றர் தள்ளி ஒரு தோட்டம். போக எட்டு, ஆள் இல்லாமல் வெறுமனே திரும்ப எட்டு, ஆகப் பதினாறு. ஏறத்தாழ 0.9 லீற்றர். கணக்குக்கு லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் 270 ரூபா பெற்றோல். ஹயர் 800 ரூபா கிடைத்தால் மீதி 530 என் சம்பாத்தியம் என்று எடுத்துச் செலவழிப்பதுதான் பெரிய தவறு. அதற்குள் லீசிங் இருக்கிறது, டயர், ஒயில், ப்ரேக் லைனிங், இன்சூரன்ஸ் இருக்கின்றன. கிலோமீற்றருக்கு ஐந்து ரூபா, அதாவது அந்தப் பயணத்துக்கு 80 ரூபாவை ஒரு டின்னில் போட்டுவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். விலை ஏறும் காலத்தில் எல்லோரும் முதலில் தள்ளிப்போடுவது சர்வீஸைத்தான். ஆறு மாதம் கழித்து அது என்ஜின் வேலையாக வந்து நிற்கும், அப்போது நகை அடகுக்குப் போகும்.

இதே கணக்கு ஹயர் ஏற்றுவதற்கும் உதவும். பெற்றோல் லீற்றருக்கு 30 ரூபா கூடினால் அந்தப் பதினாறு கிலோமீற்றருக்குக் கூடும் செலவு 27 ரூபா. அதற்காக 800ஐ 1000 ஆக்கினால் தோட்டத்துச் சனம் நடந்து போகத் தொடங்கும். ஏற்றாமலே விட்டால் நாளுக்குப் பத்து ஹயரில் 270 ரூபா கையிலிருந்து போகும். ஐம்பது ரூபா கேட்டு, ஏன் என்று சொல்லிக் காட்டினால் யாரும் கோபிக்க மாட்டார்கள். ஸ்கூல் வேனுக்குக் காசு கட்டும் பெற்றோரும் இப்படிப் போட்டுப் பார்க்கலாம். மாதம் 800 கிலோமீற்றர் ஓடும் வேன், லீற்றருக்கு எட்டு ஓடினால் 100 லீற்றர் டீசல். லீற்றருக்கு 20 ரூபா ஏறினால் 2000 ரூபா. பன்னிரண்டு பிள்ளைகள் என்றால் ஆளுக்கு 170க்குள். ஆயிரம் கேட்டால் இந்தக் கணக்கோடு மரியாதையாகப் பேசுங்கள். வேன்காரருக்கும் அதுவே பிழைப்பு என்பதையும் மறக்க வேண்டாம்.

விலை ஏறப்போகிறது என்று கேள்விப்பட்டதும் தோட்டத்திலிருந்து டவுனுக்கு ஓடுவதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்து லீற்றரில் பத்து ரூபா வீதம் மிச்சம் 50 ரூபா. போய்வர 16 கிலோமீற்றர் என்றால் செலவு 270. அவ்வளவுதான்.

92 போதும் என்று வண்டியின் புத்தகத்தில் இருந்தால் 95 ஒக்டேன் போடுவதில் மைலேஜ் கூடாது. உயரத்தில் காற்று மெலிவதால் சாதாரண என்ஜின் 'நொக்' அடிப்பதும் (உள்ளே டக் டக் என்று தட்டுவதும்) குறையும், அதனால் மலையில் அது இன்னும் தேவையற்றது. மண்ணெண்ணெய் கலப்பது வேறு கதை. 2022 ஓகஸ்ட் வரை மண்ணெண்ணெய் 87 ரூபா, டீசல் 400க்கும் மேல். அந்த இடைவெளியில் பஸ்களே மண்ணெண்ணெயில் ஓடின. பின்னர் ஒரே அடியாக 340 ஆனது, விளக்குக்கும் அடுப்புக்கும் அதை நம்பியிருந்த லயத்துக் குடும்பங்கள்தான் அதிகம் அடிபட்டன. மண்ணெண்ணெயில் டீசலுக்கு உள்ள வழவழப்பு இல்லை, பம்பும் இன்ஜெக்டரும் உராய்ந்து போகும். ஒரு பம்ப் மாற்றும் காசில் எத்தனை மாதம் நல்ல டீசல் அடிக்கலாம் என்று கராஜில் கேட்டுப் பாருங்கள்.

2022இல் கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பங்கீட்டில் பெற்றோல் வாங்கிய காலத்தில், ஆட்டோவுக்கு வாரம் ஐந்து லீற்றர் என்று இருந்தபோது கேனில் சேர்த்து வைக்கும் பழக்கம் வந்தது. வரிசை போய்விட்டது, கேன் மட்டும் சில வீடுகளில் கட்டிலுக்கு அடியில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து எடுத்துவிடுங்கள். பெற்றோல் ஆவி காற்றை விடக் கனமானது, தரையோடு தவழும். லயக் காம்பராவில் கட்டிலுக்கும் விறகடுப்புக்கும் எத்தனை அடி தூரம் என்று நமக்குத் தெரியும். மூடி சரியாக இறுகாத பிளாஸ்டிக் கேனிலிருந்து கசியும் ஆவி நெருப்பைத் தேடிப் போய்ப் பற்றும். ஒரே கூரையின் கீழ் பத்துக் குடும்பம், நடுவில் பலகையும் மெல்லிய சுவரும். லயத்தில் ஒரு வீடு எரிந்தால் ஒரு வீடு மட்டும் எரிவதில்லை.

வாகனமே இல்லாத வீட்டுக்கும் இந்த விலை வரும். 2022 ஜனவரியில் 17 ரூபாவாக இருந்த குறைந்தபட்ச பஸ் கட்டணம் ஜூலையில் 40 ரூபா. பாண், அரிசி, மா எல்லாமே லொறியில்தான் மலை ஏறுகின்றன. நுவரெலியா மரக்கறி கூட தம்புள்ளைக்கு இறங்கிப் போய்த்தான் பல கடைகளுக்குத் திரும்பி வருகிறது. 'நமக்கு வண்டி இல்லை, நமக்கென்ன' என்று இருந்துவிட்டு மாதக் கடைசியில் கடைக்கொப்பியைப் பார்த்துத் திகைப்பதை விட, விலை ஏறிய அன்றே கடைக்கணக்கில் கொஞ்சம் கூட்டி எழுதி வைப்பது நல்லது. விலை இறங்கினால் பொருட்களும் அதே வேகத்தில் இறங்கும் என்று எதிர்பார்த்து முன்கூட்டியே செலவு செய்ய வேண்டாம்.

குறைக்கும்போது எதைக் குறைக்கிறோம் என்பதில்தான் எனக்குப் பெரிய கவலை. பல வீடுகளில் முதலில் நிற்பது வயதானவர்களின் கிளினிக். "இந்த மாசம் ஆட்டோக்காசு கூடிப்போச்சு, மருந்து இன்னும் நாலு நாளைக்கு இருக்கு, அடுத்த மாசம் பார்ப்போம்" என்று அம்மாவே சொல்வார். சீனிக்கும் பிரஷருக்கும் மாத்திரை நின்றால் அது ஒரு இரவில் மூச்சுத்திணறலாக வரலாம், அந்த நேரம் ஹயர் எவ்வளவு கேட்டாலும் கொடுத்துத்தான் டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். எங்கள் லயத்தில் இப்போது கிளினிக் தேதி ஒன்றாக உள்ள மூன்று பேர் ஒரே ஆட்டோவில் போகிறார்கள். காலை ஆறரைக்கு அண்ணன் எடுத்துப் போய், பிற்பகல் கொழுந்து நிறுக்கும் நேரத்துக்குள் கொண்டுவந்து விடுகிறார். முன்பு ஆளுக்குத் தனித்தனி ஹயர், இப்போது ஒரு ஹயர் மூன்றாகப் பிரிகிறது. தேதி வேறாக உள்ளவர்கள் கிளினிக் தாதியிடம் கேட்டு மாற்றிக்கொள்ள முடியுமா என்று பார்க்கிறார்கள், அடுத்த மாதம் நான்காவது ஆளும் சேர்கிறார்.