டொராண்டோ போகிறீர்களா? ஃபர்னஸைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் பத்துக் குளிர்காலம் இருந்துவிட்டு, இப்போது மேற்கு மாம்பலத்துக்கே திரும்பிவிட்டேன். ஆகஸ்ட் வந்தால் எங்கள் தெருவில் யாராவது ஒரு பிள்ளை கனடாவுக்குப் பெட்டி கட்டும். ஜாக்கெட் எங்கே வாங்கலாம் என்று கேட்பார்கள். ஹீட்டிங் பில்லைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதற்கு ஜனவரியில்தான் போன் வரும்.

வீடு பார்க்கும்போதே, வாடகையில் ஹீட்டிங் சேர்த்தியா என்று கேளுங்கள். சேர்த்தி என்றால், குளிர்காலத்தில் வீட்டுக்காரர் குறைந்தது 21 டிகிரி வைத்திருக்க வேண்டும் என்பது டொராண்டோ நகர விதி. குளிர்ந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

தனி வீடு எடுத்தால் பெரும்பாலும் கேஸ் ஃபர்னஸ்தான். பேஸ்மென்ட்டில் நின்றுகொண்டு, காற்றைச் சூடாக்கி எல்லா அறைக்கும் ஊதும். அதற்குள் ஒரு ஃபில்டர் உண்டு. நம் ஏசி ஃபில்டரைப் போலக் கழுவி மாட்டுகிற சமாச்சாரம் இல்லை. அட்டைச் சட்டம் போட்ட சாதாரண ஃபில்டர் என்றால் எறிந்துவிட்டுப் புதிது மாட்ட வேண்டும். குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு மேல் ஒரே ஃபில்டரை ஓட்டாதீர்கள். அளவு ஓரத்திலேயே அச்சடித்திருக்கும். ஃபில்டரில் உள்ள அம்புக்குறி ஃபர்னஸைப் பார்த்து இருக்க வேண்டும்.

எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. முதல் வருடம் பிப்ரவரியில், வெளியே மைனஸ் 20 இருக்கும்போது, ஃபர்னஸ் பற்றுவதும் அணைவதுமாக இருந்தது. ஃபில்டர் சாம்பல் நிறக் கம்பளி மாதிரி அடைத்துக் கிடந்தது. காற்று போக வழியில்லாமல் உள்ளே சூடு ஏறி, பாதுகாப்பு சுவிட்ச் தானே அணைத்திருக்கிறது. இன்னொரு தப்பும் செய்திருந்தேன்: தரையில் சூடு வருகிற துவாரத்தின் மேலேயே மெத்தையைப் போட்டிருந்தேன். கத்திரி வெயிலுக்கு முன்னால் ஏசி சர்வீஸுக்கு ஆள் கூப்பிடுவோம் இல்லையா, அதேபோல் அங்கே செப்டம்பரிலேயே ஃபர்னஸுக்கு ஆள் கூப்பிடுங்கள்.

அப்புறம் தெர்மோஸ்டாட், அதாவது வீட்டுக்குள் எத்தனை டிகிரி வேண்டும் என்று வைக்கிற கருவி. வெயிலிலிருந்து வந்ததும் ஏசியை 16-ல் வைக்கிற பழக்கம் நமக்கு உண்டு. அங்கே போய் 28 வைத்தாலும் வீடு சீக்கிரம் சூடாகாது. ஃபர்னஸ் அதே வேகத்தில்தான் ஓடும், நிறுத்த மறந்தால் காசுதான் போகும். விழித்திருக்கும்போது 20, தூங்கும்போது 17 போதும். வீட்டுக்குள் ஸ்வெட்டரும் சாக்ஸும் போடுவதில் வெட்கமே வேண்டாம்.

சென்னையில் நாம் ஜன்னலைத் திறந்து வைத்து வளர்ந்தவர்கள். அங்கே இடுக்கு அடைப்பதுதான் முதல் சேமிப்பு. காற்றடிக்கிற நாளில் ஊதுபத்தி ஏற்றி ஜன்னல் ஓரமாக, திரைச்சீலையில் படாமல் நகர்த்துங்கள். புகை ஆடுகிற இடத்தில் குளிர்காற்று நுழைகிறது. நுரைப் பட்டையை ஒட்டுங்கள். ஜன்னலுக்கென்றே விற்கிற பிளாஸ்டிக் தாளை ஒட்டி, ஹேர் டிரையரால் சூடு காட்டினால் விறைப்பாக நிற்கும். வெயில் வருகிற தெற்கு ஜன்னல் திரையைப் பகலில் திறந்து, இருட்டியதும் மூடுங்கள்.

சின்ன மின் ஹீட்டரை நம்பி ராத்திரி முழுக்க ஓட்டாதீர்கள். 1500 வாட் ஹீட்டர் பத்து மணி நேரத்தில் 15 யூனிட் தின்னும். இங்கே 2016-ல் இரண்டு மாதத்துக்கு இலவசம் என்று அறிவித்த 100 யூனிட், அந்தக் கணக்கில் ஒரே வாரத்தில் தீர்ந்துவிடும். குளிர் காய கேஸ் அடுப்பையோ ஓவனையோ எரிய விடவே கூடாது. அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு மணமில்லாமல் ஆளைக் கொல்லும். அதற்கான அலாரம் வேலை செய்கிறதா என்று குடிபோன அன்றே பாருங்கள்.

கடைசியாக, பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது, மிச்சம் பிடிக்கலாம் என்று ஹீட்டிங்கை முழுக்க அணைத்துவிட்டு விமானம் ஏறாதீர்கள். தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்துவிடும். 15 டிகிரியில் வைத்து, தண்ணீர் மெயின் வால்வை மூடி, நடுநடுவே வந்து பார்க்கச் சொல்லி யாரிடமாவது சாவியைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.