பெனிசிலின் கதையை இனி இப்படிச் சொல்லாதீர்கள்

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி சுற்றும் கதை இது. ஸ்காட்லாந்தில் ஒரு ஏழை விவசாயி, சேற்றில் சிக்கிய சிறுவன் சர்ச்சிலைக் காப்பாற்றுகிறார். நன்றிக்கடனாக சர்ச்சிலின் அப்பா அந்த விவசாயியின் மகனைப் படிக்க வைக்கிறார். அந்த மகன்தான் அலெக்சாண்டர் ஃப்ளெமிங். பின்னாளில் அவருடைய பெனிசிலின் சர்ச்சிலின் நிமோனியாவைக் குணமாக்குகிறது.

நல்ல கதைதான், ஆனால் நடக்கவே இல்லை. ஃப்ளெமிங்கின் அப்பா அவருக்கு ஏழு வயதாக இருக்கும்போதே இறந்துவிட்டார். மருத்துவம் படிக்கக் கைகொடுத்தது ஒரு மாமா விட்டுச்சென்ற பணம். 1943-இல் சர்ச்சிலுக்குக் கொடுத்ததோ பெனிசிலின் அல்ல, சல்ஃபா என்ற வேறு வகை மருந்து. எல்லாம் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறதே என்று தோன்றினால், பகிர்வதற்கு முன் ஆண்டுகளை ஒருமுறை சரிபாருங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, கதையை 1928-லேயே முடித்துவிடுவது. ‘விடுமுறை முடிந்து வந்தார், பாக்டீரியா வளர்த்த தட்டில் பூஞ்சையைப் பார்த்தார், மருந்து கிடைத்தது’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். பூஞ்சையைச் சுற்றி பாக்டீரியா அழிந்திருந்ததை ஃப்ளெமிங் கவனித்து 1929-இல் கட்டுரை எழுதியது உண்மை. ஆனால் பூஞ்சை சுரந்த பெனிசிலினைப் பிரித்தெடுத்து மருந்தாக்க அவரால் முடியவில்லை. பத்து வருடத்துக்கு மேல் அது அப்படியே கிடந்தது.

அப்புறம் ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ளோரி, செயின், ஹீட்லி ஆகிய விஞ்ஞானிகள் கையில் எடுத்தார்கள். போர்க்காலம், எதற்கும் தட்டுப்பாடு. மருத்துவமனையில் படுக்கையிலேயே மலம் கழிக்க வைக்கும் பாத்திரங்களில்கூடப் பூஞ்சையை வளர்த்தார்கள். 1941 பிப்ரவரியில், முகமெல்லாம் சீழ் பிடித்து ஒரு கண்ணையும் இழந்திருந்த ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரருக்கு ஊசி போட்டார்கள். ஒரே நாளில் தேறத் தொடங்கினார். ஆனால் கையிருப்பு அவ்வளவுதான். போட்ட மருந்தில் பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறிவிடும் என்பதால், அவருடைய சிறுநீரைச் சைக்கிளில் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், அதிலிருந்து பெனிசிலினைப் பிரித்தெடுத்து மறுபடியும் அவருக்கே செலுத்தினார்கள். அதுவும் தீர்ந்தது. நோய் திரும்பியது. மார்ச் 15 அன்று இறந்துபோனார். எனக்கு ஃப்ளெமிங்கின் பூஞ்சைத் தட்டைவிட இந்தச் சைக்கிள்தான் மனதில் நிற்கிறது. 1945 நோபல் பரிசை ஃப்ளெமிங், ஃப்ளோரி, செயின் மூவரும் பகிர்ந்துகொண்டார்கள். ஹீட்லி பெயர் அதில் இல்லை.

லண்டன் காலராக் கதையிலும் இதே கோளாறு உண்டு. 1854-இல் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் பிராட் தெரு அடிபம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார், உடனே காலரா நின்றது என்பார்கள். கைப்பிடியைக் கழற்றியது செப்டம்பர் 8. அதற்குள் அந்தப் பகுதி ஜனங்கள் பாதிக்கு மேல் வீட்டைக் காலி செய்திருந்தார்கள், நோயும் இறங்குமுகத்தில்தான் இருந்தது. இதை ஸ்னோவே எழுதியிருக்கிறார். நோயுற்ற ஒரு குழந்தையின் துணியை அலசிய தண்ணீர் கிணற்றை ஒட்டிய கழிவுக்குழிக்குப் போனதைத் துருவிக் கண்டுபிடித்தது ஹென்றி வைட்ஹெட் என்ற பாதிரியார். அவரோ, தண்ணீரால்தான் காலரா பரவுகிறது என்று ஸ்னோ சொன்னதை ஆரம்பத்தில் நம்பாதவர்.

கடைசியாக, ‘நிரூபித்த மறுநாளே உலகம் ஏற்றுக்கொண்டது’ என்று முடிக்காதீர்கள். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய்க்கு வெவ்வேறு வைத்தியம் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர் சட்டென்று எழுந்தார்கள். பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றுக்கு உத்தரவு போட்டது 1795-இல். இடையில் லிண்டே ஒரு யோசனை சொன்னார்: சாற்றைச் சூடாக்கிச் சுண்டவைத்துப் பாட்டிலில் அடைத்துக் கப்பலில் ஏற்றலாம் என்று. அந்தச் சூட்டில் வைட்டமின் சி பெரும்பாலும் போய்விட்டது.